தொண்ணூற்றெட்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே என் பட்டறை.
மேலே பஸ் போனால் ஸ்பேனர் பலகை நடுங்கும்,
எனக்கு அது கண்ணால்தான் தெரியும்.
கிரைண்டர் தின்றது வலது காதை.
இடதில் கொஞ்சம் மிச்சம்.

அந்த மிச்சத்தின் பக்கமாக வந்து நின்று
பல் டாக்டர் பெனிட்டா சொன்னாள்:
"அண்ணே, சத்தம் கொறையணும்.
வலி கொறையப்பிடாது."

வலி என்றால் எங்கள் ஊரில் வண்டியின் இழுவை.
நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களிடம்
வேறு மாதிரி சொல்வாளாயிருக்கும்.

மஞ்சள் கார். இரண்டே சீட்டு.
கோயம்புத்தூர் டிராக்கில்
வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி,
நாற்பத்தைந்து பாகை சாய்வில் மீட்டர்.
எஞ்சின் ஐயாயிரத்து இருநூறில் நிற்கும்போது
முள் தொண்ணூற்றெட்டைத் தாண்டக் கூடாது.
இவளுடையது நூற்று நான்கு.

"ஆறுதானே" என்றான் உதவிக்கு நிற்கும் மாகீன்.
மக்கா, இது படிக்கட்டு ஆறு இல்லை.
நாலு கார் ஒன்றாய் உறுமும்போது
மூன்றை அணைத்தால் குறைவதுதான் ஆறு.
இங்கே இருப்பதோ ஒரே கார்.

சைலன்சரைப் பிளந்தேன்.
உள்ளே வைத்த கண்ணாடிப் பஞ்சு
கருகி ஒரு பிடிகூட இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்து
"சொத்தை" என்றாள்.
"அடைச்சிரலாம்."

மாகீன் யோசனைப்படி முதலில் தென்னந்தும்பு.
இரண்டே நிமிடம்.
அடுப்படிப் புகை பாலத்தைத் தொட,
சாயாக்கடை ஞானசிகாமணி வாளியோடு ஓடி வந்தார்.
பிறகு துளைக்குழாயைச் சுற்றி எஃகுச் சுருள்,
அதன்மேல் பாறைக் கம்பளி,
டிக்கிக்கு அடியில் இன்னொரு பெட்டி.
பற்றவைப்பு நீலமாக ஆறியது.

இனி அளக்க வேண்டும். எங்கே?
பாலத்தடியில் நள்ளிரவிலும் லாரி.
ஆரல்வாய்மொழிக்கு ஓட்டினோம், காலி ரோடு,
இருட்டில் காற்றாலைகளின் சிவப்புக் கண்கள்.
எஞ்சினை இன்னும் முடுக்கவேயில்லை,
மீட்டர் நூற்றொன்று காட்டியது.
காற்று.
வெறும் காற்று, நேராக மைக்கின் வாயில்.
இதற்கு யார் கறுப்புக்கொடி காட்டுவது
என்று சிரித்தாள் பெனிட்டா;
தலைமுடி முகத்தை அறைந்தது.

திரும்பி பேச்சிப்பாறைப் பக்கம், ரப்பர் காட்டுக்குள்.
இலைகூட அசையாத மூன்று மணி.
முதல் தடவை தொண்ணூற்றொன்பது.
பெட்டியின் காதை இறுக்கினேன்.
தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு.
நெற்றி விளக்கோடு பால்வெட்ட வந்த தங்கபாய்
கத்தியை இடுப்பில் வைத்தபடி கேட்டாள்:
"வண்டிக்கு சளியா டாக்டரே?"

சனிக்கிழமை காலை போன்.
"மூணாவது ரவுண்டு, அண்ணே.
ஓரத்து மீட்டர்ல தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு.
கொடி காட்டிட்டாங்க."
மீட்டர் எந்தப் பக்கம்?
"இடது."
ஜாக்கிக்கு அடியில் ஒரு வளைகுழாய் கிடக்கும்.
ஒரே கிளாம்ப்.
வாயை வலது பக்கம் திருப்பி வை.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இது கள்ளத்தனம் இல்லியா?"
விதியில் அளவு இருக்கிறது,
முகம் எந்தப் பக்கம் என்று இல்லையே.

மாலையில் ஒரு குரல்பதிவு வந்தது.
கார் எட்டு தடவை கடந்துபோகிறது என்றான் மாகீன்.
எனக்கு இரண்டு தடவைதான்.
போனை உள்ளங்கையில் அமர்த்திப் பார்த்தேன்,
மூன்று, நான்கு என்று விரலில் வந்தது.
வலி இருந்தது.

திங்களன்று புல்லட்டில் ஒரு பையன்,
கருங்கல்காரன், மீசை இப்போதுதான்.
உள்தகட்டை உருவிப் போட்டுத் தரணுமாம்.
"சத்தம் கூடணும் அண்ணே."
எவ்வளவு?
"ஊரு முழுக்க கேக்கணும்."

வலது காதை அவன் பக்கம் திருப்பினேன்.