நாற்பத்தோரு லிட்டர்

மூன்று வருஷம் பேசாதவன் கூப்பிட்டு
'மலைக்கு வா' என்றதும்
சீட்டுக்கு அடியில் குச்சிகளை வைத்துக்கொண்டேன்.
ஒரு ஜோடி புதுசு.
இன்னொன்று, சூரமங்கலம் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில்
கடைசியாக வாசித்தபோது நுனி பிளந்தது.

ஐந்தாவது கொண்டை ஊசியில் மறுபடி அழைத்தான்.
'ஜெனரேட்டர் ஏத்திக்கிட்டியா சீரங்கா?
இங்க கரண்ட் நிக்கவே மாட்டேங்குது.'

திரும்பி இறங்கினேன்.
அஸ்தம்பட்டி குடோனில் பதினைந்து கே.வி.ஏ. ஒன்று
முகூர்த்த நாள் இல்லாமல் சும்மா கிடந்தது.
ஏற்றினேன்.
குச்சிகளை எடுத்து உள்ளே வைக்கவில்லை,
அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டேன்.

மேக்னசைட் என்று எங்கள் பேண்டுக்குப் பெயர்.
கருப்பூர்ச் சுரங்கத்து வெள்ளைப் புழுதி
எல்லார் சட்டையிலும் இருந்த காலம்.
கிளாட்ஸ்டன் பாடுவான். பாடுவான் என்றால்
ஐந்து ரோட்டில் லாரி ஒதுங்கும்.
காலேஜ் விழா, ஏற்காடு கோடை விழா,
ஒரு தடவை ஜவ்வரிசி ஆலை முதலாளி வீட்டு விசேஷம்,
அங்கே மட்டும் இரண்டாவது பாட்டிலேயே
தட்டுவடை செட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இருபத்தேழு வருஷம் அவனுக்குப் பின்னால் நான்.
எல்லோரும் அவனைக் கேட்டார்கள்.
நான் முதுகைப் பார்த்தேன்.
வேர்வை முதலில் இடது தோளில் இறங்கும்.
உச்சத்துக்குப் போகுமுன் வலது குதிகால் தூக்கும்.
அந்தக் குதிகாலுக்குத்தான் நான் வாசித்ததெல்லாம்.

இப்போது ஐம்பத்தெட்டு வயதில் தனி ஆல்பம்,
முதல் தடவையாகத் தமிழில்.
நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பிக்கொட்டை குடோன்,
சுவரெல்லாம் கோணிச் சாக்கு,
ஒரு மைக், ஒரு கிடார்,
சென்னையிலிருந்து வந்த சவுண்டு பையன் பிரணவ்.
'இந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வேண்டாம்டா' என்றான் கிளாட்ஸ்டன்
என் முகத்தைப் பார்க்காமல்.
சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில்
எந்தப் பாட்டுக்கும் இல்லை.

ஜெனரேட்டர் சத்தம் மைக்கில் விழுகிறதாம்.
இருபதடி தள்ளினோம். இன்னும் என்றான் பையன்.
கேபிள் தீரும்வரை தள்ளி,
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே
பள்ளத்தில் வைத்தோம்.
அங்கே அதுவும் நானும்.
அது நாலுக்கு நாலில் ஓடியது.
முட்டியில் தட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மூடுபனி ஏறுகையில்
இரண்டு தரம் இருமி நின்றது மிஷின்.
டீசல் கேன் மேலே வண்டியில்.
ஏறிப் போய் எடுத்துத் திரும்புகிறேன்,
குடோன் கதவு பாதி திறந்திருக்கிறது.
உள்ளே இருட்டு.
செத்த திரைக்கு முன்னால் நெற்றியில் கை வைத்துப் பையன்.
கிளாட்ஸ்டன் நிறுத்தவில்லை.

கத்தாத குரல்.
கேட் கீப்பராயிருந்த அப்பா
கேட்டைத் திறந்தபடி தூங்கிப்போன
ஒரு ராத்திரியைப் பற்றிப் பாட்டு.
இருபத்தேழு வருஷத்தில் எனக்குச் சொல்லாத ராத்திரி.
ஓரிடத்தில் குரல் உடைந்தது,
அவன் அதை மூடவில்லை.
முன்பெல்லாம் மூட நாங்கள் இருந்தோம்,
என் சிம்பலும் முனீரின் கிடாரும்.
முகத்தைப் பார்த்தேன்.
கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பாடுகிறான்.
அது எனக்குத் தெரியாது.

கேன் கையில், சாவி பாக்கெட்டில்.
வலது குதிகால் தூக்கியது.
ஒரு விரலைக்கூட அசைக்காமல் நின்றேன்.
முடிந்த பிறகும் கொஞ்ச நேரம்.

அப்புறம் இறங்கி ஊற்றினேன், ஓடியது.
அவன் அதையே மறுபடி நாலு தடவை பாடினான்.
மூன்றாவதை ஆல்பத்தில் வைத்திருக்கிறார்கள்.
லீ பஜாரில் லோடு இறக்கும்போது
கடைப் பையன் போனில் போட்டுக் காட்டினான்.
நல்லாத்தான் இருக்கிறது.

கூரியரில் வந்த உறைக்குப் பின்னால்
பொடி எழுத்தில்
'மின்சாரம்: சீரங்கன்' என்று போட்டிருக்கிறது.

பில் அனுப்பிவிட்டேன், டீசல் நாற்பத்தோரு லிட்டர்,
ஏற்றுக்கூலி, கேபிள் வாடகை.
ஓடாத அந்த ஆறு நிமிஷத்துக்கு
ஒன்றும் போடவில்லை.