கேசிங் பைப்

வேப்பூருக்கு மேற்கே எங்கள் கொல்லையில்
அறுநூற்று நாற்பது அடி.
வெள்ளைப் புழுதிதான் வந்தது.
கல்லைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டான் போர்க்காரன்.
மீதிப் பணத்துக்குத் தேதி குறித்துக்கொண்டு
திருச்செங்கோட்டு வண்டி போனது.

மிஞ்சிக் கிடந்த பைப்பை
நாலாக அறுத்தாள் தையல்நாயகி.
ஒரு முனைக்கு மூடி,
மறுமுனைக்குச் சாணியும் சாம்பலும்.
உள்ளே விதை வரகு.
ஒன்றில் மட்டும் மல்லாட்டை, தோலோடு.

"சோளக் கம்பெனிக்காரன் வந்தா?"
"வெத இருக்குன்னு சொல்லு."

ஆடியில் இரண்டே மழை.
மல்லாட்டையைப் பன்றி கிளறிப்போட்டது.
வரகு நின்றது,
முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

தையில் களம் கூட்டினோம்.
சங்கத்துக் கடன் அப்படியேதான்.
அரிசிக்கடைப் பக்கம் போய் ஒரு மாதமாகிறது.

அடைக்கும் முன்னால்
பைப்பைத் தட்டி
காது கொடுத்துக் கேட்கிறாள்.

கெட்டிச் சத்தம்.