பையில்லாத பை

டுலூத்தில் மைனஸ் இருபது.
பனி வழிக்கும் வண்டியை நிறுத்திவிட்டு
விடிகாலை நாலரைக்கு வருகிறார் வெண்டல்,
மீசையில் உறைபனியோடு.
இந்தக் குளிரில் யாராவது மில்க்ஷேக் குடிப்பார்களா?
இவர் குடிப்பார்.

முப்பது வருஷம் நெடுஞ்சாலைக் கடையில்
ஆப்பிள் பையை முழுசாக ஐஸ்க்ரீமில் போட்டு
அடித்துக் கொடுத்தார்கள்.
நவம்பரில் டாக்டர் ஓர் எண்ணைச் சொன்னாள்.
வண்டிச் சாவி பறிபோகிற எண்.

இப்போது எங்கள் அடுப்படியில்
தோலோடு சுட்ட ஆப்பிள், பாதி.
கல்லாய் உறைந்த வாழைப்பழம்
நாலே துண்டு, எண்ணித்தான் போடுகிறார்.
புளிக்காத தயிர், பட்டைத்தூள்,
சாதிக்காய் ஒரு சுரண்டல்.
பையின் மேலோட்டுக்குப் பதில்
சிவக்க வறுத்த ஓட்ஸ்.
மிக்ஸி அலறுகிறது.
நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

முதல் வாரம் "நனைந்த அட்டை" என்றார்.
அடுத்த வாரம் ஒரு கல் உப்புச் சேர்த்தார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை,
தம்ளரை வழித்து நக்கினார்.

இன்று நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.
ஃப்ரீசர் கதவு இரண்டு முறை திறந்தது.
ஒன்று வாழைப்பழத்துக்கு.
மற்றது?
பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால்
நான் ஒளித்த வெனிலா டப்பா.

அவர் உறங்கியதும் போய்ப் பார்த்தேன்.
நேற்று என் கரண்டி தோண்டிய குழி
அதே ஆழத்தில் இருக்கிறது.
மூடி மட்டும்
இறுக்கமாய், சரியாக மூடியிருக்கிறது.
நான் அப்படி மூடுகிறவள் இல்லை.

மேசைமேல் கழுவாத தம்ளர் ஒன்று.
பக்கத்தில் நிறைந்த தம்ளர்,
மேலே தட்டு கவிழ்த்து.

இனிப்புப் போதவில்லை.
நின்றபடியே குடித்து முடித்தேன்.