கதவு திறக்கும் முன்

கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து இறங்கி
இரவு பத்தரைக்குக் காம்பராவுக்குள் வந்தால்
கை கழுவியும் போகாத பச்சை வாசம்.
நித்திரை மட்டும் வராது.
அப்போதுதான் அவனைக் கேட்கப் பழகினேன்.

பெயர் தெரியாத வாசிப்பாளன்.
கொஞ்சம் சளி பிடித்த குரல்.
நூறு வருஷத்துக்கு முந்திய சீமைப் பேய்க்கதைகளைத்
தமிழாக்கி வாசிக்கிறான்,
தாள் திருப்பும் சத்தத்தைக்கூட வெட்டாமல்.
ஒற்றைக் காதில் அவன்,
மற்றக் காதில் பக்கத்துக் காம்பரா ஜெசிந்தாவின் இருமல்.

அந்தக் கதைகளில் வீட்டுக்கு இருபது அறை.
பேய் நடந்து திரிய நீளமான நடை,
ஏறி இறங்கச் சுழல்படி,
ஒளிய ஒரு பூட்டிய அறை.
எங்களுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி.
ஐந்து பேர் படுத்தபின்
பேய் வந்தால் நின்றுகொண்டுதான் இருக்கணும்,
அதுவும் அடுப்போரம்,
சட்டிபானையைத் தட்டிவிடாமல்.
நினைத்தாலே சிரிப்பு வரும்.
சிரித்தபடி தூங்கிப்போவேன்.

பயந்தால் எப்படித் தூக்கம் வரும் என்று
கட்டாரிலிருந்து புருஷன் கேட்டான்.
விளங்கப்படுத்தத் தெரியவில்லை.
அந்தப் பேய்கள் ஒழுங்கானவை.
வருமுன் மெழுகுதிரி அணையும்,
நாய் குரைப்பதை நிறுத்தும்,
படி ஒவ்வொன்றாய்க் கிறீச்சிடும்.
எதற்கு வந்தேன் என்று
கடைசிப் பக்கத்திலாவது சொல்லிவிடும்:
தொலைந்த உயில், சுவருக்குள் ஓர் எலும்பு.
கிடைத்ததும் போய்விடும்.

எங்கள் பின்சுவர் வெடிப்பு அப்படியில்லை.
ஐப்பசியில் ஒரு விரல் நுழைந்தது.
கார்த்திகையில் மகன் டிலுக்ஷனின் கணக்குக் கொப்பி
மடிக்காமலே நுழைந்தது.
அது யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாமம்
ஒலிபெருக்கியில் கிராம சேவகர்: வெளியேறுங்கள்.
பாய், பிறப்புச் சான்றிதழ், அரைக்கிலோ சீனி.
ஹப்புத்தளை ரோட்டோரப் பள்ளிக்கூடம் வரை
முழங்கால் சேறு.
மூன்றாம் வகுப்பறையில் முப்பத்தெட்டுப் பேர்.
கரும்பலகையில் பெருக்கல் வாய்பாடு
ஏழோடு நின்றிருந்தது.
யாரும் பேசவில்லை.
எல்லோரும் மலையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்,
மழைக்குள் கல் உருளும் சத்தம் எது,
வெறும் மழை எது என்று.

நான் ஒற்றைக் காதில் அவனை வைத்தேன்.
மற்றதை டிலுக்ஷன் பிடுங்கிக்கொண்டான்.
"தனியா என்ன கேக்குறீங்க?" என்றாள் ஜெசிந்தா.
வயரைக் கழற்றினேன்.
குடித்து முடித்த தேத்தண்ணிக் கோப்பைக்குள்
போனை நிமிர்த்தி வைத்தேன்;
குரல் கொஞ்சம் பெரிதானது.
சார்ஜ் பதினொரு வீதம்.

பனிகொட்டும் ஊர். வாடகைக்கு வந்த ஒரு எழுத்தர்.
மூன்றாம் இரவு
மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.
மேல்மாடியே இல்லாத வீடு.

முப்பத்தெட்டுப் பேரும் அந்த நாற்காலியைக் கேட்டோம்.
மலையைக் கேட்க ஆளில்லை.
மருதவீரன் அண்ணன்,
சிறுத்தை உலவும் பாதையில்
தனியே இரவுக் காவலுக்குப் போகிறவர்,
போர்வையைக் காதுவரை இழுத்தார்.
பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள்.

எழுத்தர் விளக்கை எடுத்தார்.
இதுவரை இல்லாத ஒரு படியில் ஏறினார்.
கதவுப் பிடியில் கை வைத்தார்.
பிடி உள்ளிருந்து மெல்லத் திரும்பியது.
போன் செத்தது.

ஒரு நொடி மழைகூட நின்ற மாதிரி.
பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில்.
அது அவருடைய செத்த மனைவி என்றாள் ஜெசிந்தா.
இல்லை, சம்பளம் கேட்டு வந்த வேலைக்காரன்,
பாக்கியோடு செத்தவன் சும்மா இருப்பானா
என்றார் மருதவீரன்.
எழுத்தர்தான் பேய், அவருக்கே அது தெரியாது
என்றான் டிலுக்ஷன்.
அவன் வாயைப் பொத்தினேன்.
கை நடுங்கியது. முதல்நாள் நடுக்கம் இல்லை, வேறு.

பாண் லொறி வரும்வரை சண்டை ஓயவில்லை.
வாசலுக்கு வந்து பார்த்தோம்.
பனி மூடியிருந்தது.
லயம் இருக்கிறதா இல்லையா என்று
அங்கிருந்து தெரியவில்லை.
"சார்ஜ் போட எங்கயாவது கரண்ட் இருக்கா?"
முதலில் கேட்டது மருதவீரன் அண்ணன்.