இடப்பக்கச் சீற்

மட்கோ றோட்டில் எனக்கொரு கராஜ்.
கராஜ் என்பது கொஞ்சம் அதிகம்:
நாலு தூண், தகரம், பற்றரி சார்ஜர்,
மழைக்கு நனையாத மூலை ஒன்று.

கார்த்திகைக் கடைசியில் அந்த மூலைக்குள்
மூக்கை நுழைத்து நின்றது
கிண்ணியா மாட்டு டொக்டரின் பச்சை ஜீப்.
இருபத்தாறு வயது. இங்கிலாந்துக் குளிரில்
பாதி ஆயுளை ஓடிக் கழித்துவிட்டுக்
கப்பலேறி வந்த சாமான்.

"சீற் சூடாகுதில்ல" என்றார் டொக்டர் நுஸ்ரியா.

சிரித்துவிட்டேன்.
சித்திரையில் இந்த ஊரில்
துவாய் விரிக்காமல் சீற்றில் குந்தினால்
தொடையில் தோல் மிஞ்சாது.
ஏசி செத்து எத்தனை வருசமோ,
அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"சிரிங்க. சிரிச்சி முடிச்சிட்டுச் செஞ்சி தாங்க.
எனக்கில்ல. இடப்பக்கம் மட்டும்."

இடுப்பு வருத்தக்காரப் புருசனாக்கும் என்று
நானே முடிவெடுத்துக்கொண்டேன்.

பியூஸ் நல்லது. றிலே 'டிக்' என்றது.
சுவிச்சை அமத்தினால் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது,
சீற் பிரேதம் மாதிரிக் கிடந்தது.
நாலு நட்டைக் கழற்றிச் சரித்துப் பார்த்தேன்:
அடியில் சொக்கற் பச்சைக் களிம்பு.
எந்தத் தேசத்து வாகனத்தையும் உப்புக் காற்று
ஆறு மாதத்தில் எங்கட ஊராக்கிவிடும்.
சுரண்டினேன். போதவில்லை.

உறையை இழுத்துப் பிடிக்கும் கம்பி வளையங்கள்
முப்பத்தொன்று. குறட்டால் ஒவ்வொன்றாய்.
உள்ளே ஒரு இருபது பென்ஸ் குற்றி,
காய்ந்த பைன் ஊசியிலை,
பிறகு மயிர்:
வெள்ளை, கபிலம், சுருள் சுருளாய்க் கறுப்பு.
புருசனுடையது இல்லை.

வெள்ளைத் துணிக்குள் வளைந்து வளைந்து ஓடும் கம்பி
மடிப்பில் அறுந்திருந்தது.
சுற்றிலும் ஸ்பொஞ் பிளேன்ரீ நிறத்தில் கருகி.
ஈயம் வைக்கலாம், நிற்காது.
மடங்குகிற இடத்தில் ஈயம் வீம்பு பிடித்தது,
தான் வளையாமல் பக்கத்தை முறிக்கும்.

போன் எடுத்தேன்.
"புதுசு கொழும்பிலும் இல்லை, டொக்டர்.
உங்கட பக்கத்து மெத்தை நல்லம். அதைக் கழற்றி..."
"கழட்டுங்க. எனக்கு வேர்க்கிறது காணாதா?"
அவர் குரலுக்குப் பின்னால் மழை.
மழைக்குப் பின்னால் ஒரு பசு அடித்தொண்டையால் கத்தியது.
"மாரிக்குள்ளதான் எல்லாம் ஈனுதுகள், தம்பி.
தம்பலகாமத்து வயலுக்குள்ள, நடுச்சாமத்துல.
கண்டு நனைஞ்சி விறைச்சா ரெண்டு மணித்தியாலம்.
ஜீப்புக்குள்ள நான் நெருப்பா மூட்ட?"

பிறகு நான் சிரிக்கவில்லை.

வலத்தை உரித்து இடத்துக்குப் போட்டேன்.
நாலு புள்ளியில் வயரை நசுக்கிப் பூட்டி
மேலே துணி நாடா சுற்றி
முப்பத்தொரு வளையத்தையும் திரும்பக் கடித்தேன்.
வெப்பம் பார்க்கும் கம்பியைச் செருகி
கதவைச் சாத்தி உள்ளே குந்தினேன்.
தகரத்தில் மழை கல்லெறிந்தது.
மூன்றாம் நிமிடம் நாரிக்குள் ஏதோ இளகியது.
மீற்றரில் முப்பத்தொன்பது.
ஆட்டுக்குட்டிக்கும் உடம்புச் சூடு அதுதானாம்,
பில்லைப் பார்த்துக்கொண்டே டொக்டர் சொன்னார்.
நாலாயிரத்தைந்நூறு.
மூவாயிரம் தந்து, மிச்சத்துக்கு
இரண்டு சட்டி தயிரை மேசையில் வைத்தார்.

மார்கழியில் ஒரு ராத்திரி, பதினொன்றிருக்கும்,
கராஜ் வாசலில் கோர்ன்.
ஒற்றை வைப்பரோடு பச்சை ஜீப்.
(வைப்பரைப் பற்றி மனிசி வாயே திறக்கவில்லை.)
இடப்பக்கக் கண்ணாடி முழுக்க ஆவி.
அதற்குள்ளே, பெல்ற் போட்டபடி,
காது மட்டும் பெரிதாய் ஒரு கன்று.
"வேலை செய்யுது!" என்று கத்திவிட்டு
கியரைத் தட்டினார்.

டாஷ்போர்டில் விளக்கு இரண்டு எரிந்தது.
தன் பக்கத்துச் சுவிச்சையும் அமத்தியிருக்கிறார்,
அடியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்,
தோள்வரை நனைந்த சட்டையோடு.