ஒன்றுகூடும் இடம்

வாழைச்சேனைத் துறைமுகத்தடியில் எங்கள் ஐஸ் கொம்பனி.
பாதுகாப்பு நடைமுறைக் கோவையை
வருடத்துக்கு ஒருக்கா மீளாய்வு செய்ய வேண்டும்.
செய்ததாக ஆறு வருடத்துக்கு
ஆறு கையெழுத்து.
ஆறும் ஒரே பேனை, ஒரே நாள் மை.

இம்முறை கோவை என் மேசைக்கு வந்தது.
காரணம், போன ஆனியில்
இரண்டாம் கம்ப்ரசர் வால்வில் ஒரு கசிவு.
பெரிதில்லை, மூன்று நிமிடம்.
கண்ணுக்குள் வெங்காயம் பிழிந்த மாதிரி அமோனியா.
சங்கு ஊதியது.
எல்லோரும் கோவை சொன்னபடி ஓடினார்கள்,
சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால், பச்சைப் பலகையடிக்கு.

ஓடாதவன் ஆதம்லெவ்வை மட்டும்.
அவன் எதிர்ப்பக்கம் ஜெட்டிக்குப் போய்
வலை பிரிக்கிறவர்களோடு நின்றான்.
நடைமுறையை மீறியதற்கு
அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் அடித்தது நான்.
பலகையடியில் நின்ற பதினொரு பேரும்
இருமி இருமி ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பதிந்ததும் நான்.
இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்க்க
எனக்கு ஏழு வாரம் எடுத்தது.

ஐஸ் உடைக்கும் மேடையில் அவனைக் கேட்டேன்.
கொக்கியைக் கீழே வைக்காமல் சொன்னான்:
“காலமைக்குக் கச்சான், மிஸ்.
அது பலகைப் பக்கம்தான் அள்ளிக்கிட்டுப் போகும்.
பகலைக்கு மறுகா கடல்காத்து கிறுகி வரும்.
அப்ப ஜெட்டிக்கு ஓடினா
நானும் செத்தன்.”

பலகை நட்டது மார்கழியில்.
வாடைக்கு அது சரியான இடம்.

பக்கம் ஒன்பது: அவசரத் தொலைபேசி.
முதல் இலக்கம் நேசதுரை, மேற்பார்வையாளர்.
கட்டாருக்குப் போய் நாலு வருடம்.
சும்மா வட்ஸ்அப்பில் எடுத்துப் பார்த்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தார்.
“என்ன, கசியுதா?” என்றார்.

முகமூடி பன்னிரண்டு என்கிறது பட்டியல்.
எண்ணினேன், ஏழு.
ஒன்றுக்குள் பல்லி முட்டை.
பின்கதவு திறந்திருக்க வேண்டும் என்கிறது.
திறந்துதான் இருந்தது,
அதற்கு முன்னால் உப்பு மூட்டை முப்பது.

கொடிமரம் ஒன்று கேட்டு எழுதினேன்,
உச்சியில் காற்றுப்பையோடு.
விலைமனு மூன்று வேண்டுமாம்.
மழைக்கோட்டின் கையொன்றை வெட்டி
தண்ணீர்த் தாங்கியின் மேல் கட்டினான் டிலக்‌ஷன்.
மஞ்சள் நிறம். மேடையிலிருந்தும் தெரிந்தது.

நடைமுறை நான்கைத் திருத்தினேன்:
சங்கு கேட்டால் முதலில் காற்றைப் பார்.
கைக்கு எதிர்ப்பக்கம் ஓடு.
கொழும்பு திருப்பி அனுப்பியது:
‘பார்’ என்பது போதாது, அளவிடக்கூடியதாக எழுதவும்.
‘மூன்று விநாடி பார்’ என்று எழுதினேன்.
அங்கீகரித்தார்கள்.

எச்சரிக்கைக் கடிதம்
இன்னும் ஆதம்லெவ்வையின் கோவையில் கிடக்கிறது.
ஒரு கடிதத்தை மீளப்பெறும் நடைமுறை
எந்தப் பக்கத்திலும் இல்லை.
புதிதாக ஒரு பந்தி எழுதினேன்,
என் பெயரைப் போட்டு: பிழை எங்களுடையது.
அதில் கையெழுத்திட முகாமையாளருக்கு
இன்னும் பேனை கிடைக்கவில்லை.

நேற்று ஒத்திகை.
சங்கு ஊதியது. இருபத்தாறு பேரும்
முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
மழைக்கோட்டின் கை
செத்த கணவாய் போலத் தொங்கியது.
ஒரு இலை அசையவில்லை.
கச்சானும் இல்லை, கடல்காற்றும் இல்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் ஆதம்லெவ்வையைப் பார்த்தேன்.
அவனும் மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

கோவையைத் திறந்து
நான்காம் நடைமுறைக்குக் கீழே
இன்னொரு வரிக்கு இடம் விட்டேன்.