பதின்மூன்றாவது

துலூத்தில் ஏரி உறைவதற்கு முன்பே
தெரு உறைந்துவிடும்.
நவம்பரில், ஹார்டுவேர் கடையில்,
பாதி விலைக்கு ஒரு மூட்டை கலப்புத் தீனி.
ஏன் வாங்கினேன் என்று கேட்டால்
உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது,
அவ்வளவுதான்.

மூன்று வாரம்
வீட்டுக் குருவிகள். வீட்டுக் குருவிகள் மட்டும்.
முப்பது நாற்பதாக வந்து
சிவப்புச் சோளத்தை அலகால் வழித்துக் கீழே வீசிவிட்டு
மீதிக்கு அடித்துக்கொண்டன,
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின்
கடைசி இருக்கை மாதிரி.

கல்லாவில் இருந்த கோர்லிஸ் சிரித்தாள்:
"எல்லாரையும் ஒரே தட்டுக்குக் கூப்பிட்டால்
முரடன்தான் வருவான், லைல்.
உனக்கு யார் வேண்டும், அதைச் சொல்."

எனக்கு யார் வேண்டும் என்று
யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

கறுப்புச் சூரியகாந்தி விதை, வேலியோரக் கம்பத்தில்.
முதலில் சிக்கடி, கறுப்புக் குல்லாயோடு,
பந்திக்கு முந்துகிற ஆள்.
ஆனால் ஒரு விதை. ஒன்றே ஒன்று.
எடுத்துக்கொண்டு வேறு கிளைக்குப் போய்
காலடியில் இடுக்கிக் கொத்தி உடைத்துத் தின்றுவிட்டு
மறுபடி ஒன்று.
என் காப்பி ஆறுவதற்குள் பத்தொன்பது தடவை.

மாட்டுக் கொழுப்பைக் கம்பிக் கூண்டில் அடைத்து
பிர்ச் மரத்தில் மாட்டினேன்.
சின்ன மரங்கொத்தி வந்தது,
அப்புறம் அதே சட்டையில் அதன் பெரியப்பன்.
நட்ஹேட்ச் தலைகீழாக இறங்கி வந்தது,
நேராக நிற்பவர்கள்மேல் சற்று இரக்கத்தோடு.

பேயெள்ளுக்குத் தனிக் குழாய், ஊசித் துளைகள்.
ஒன்பது நாள் ஈ காக்கை இல்லை.
பத்தாம் நாள் கோல்டு ஃபிஞ்ச் ஏழு,
பொன் வெளுத்துப் பாசி நிறமாகிப்போன
குளிர்கால உடுப்பில்.

ஜங்கோவுக்கு உயரம் பிடிக்காது.
பூட்ஸால் பனியை மிதித்துத் தட்டையாக்கித்
தினை இறைத்தேன். புறாக்களும் உட்கார்ந்தன.
நீல ஜேக்குத் தோலோடு நிலக்கடலை.
அது வல்லூறு மாதிரி கத்தும்,
பந்தி மொத்தமும் எழுந்து ஓடும்,
அது நிதானமாக வந்து மூன்று கடலையைத் தொண்டையில் அடக்கும்.
பொய் என்று தெரிந்தும் தினமும் ஓடுவார்கள்.

அணிலைப் பற்றி நான் பேசப்போவதில்லை.
நாற்பத்தொரு டாலர் செலவு. தோற்றேன்.

ஃப்ரீசர் கதவில் பட்டியல்.
வேலிக்கு அப்பாலிருந்து ஓர்வால் கேட்பான், "எத்தனை?"
"பன்னிரண்டு."
"எனக்குப் பதினொன்று," என்பான்.
அவன் வீட்டில் தீனித்தட்டே கிடையாது.
என் பறவைகளைத்தான் எண்ணுகிறான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மைனஸ் இருபத்தாறு.
ஜே கத்தவில்லை. யாரும் கத்தவில்லை.
பிர்ச் மரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு
தட்டையாக்கிய பனிமேல் இறங்கியது.

நான் பார்த்தபோது
புறாவின்மேல் நின்றுகொண்டிருந்தது வல்லூறு.
அவசரமே இல்லை.
பிடுங்கிய சிறகுகளைக் காற்று வாங்கிக்கொண்டது.
ஒருமுறை ஜன்னலைப் பார்த்தது,
ஆரஞ்சுக் கண்.
கதவைத் திறந்து கத்தியிருக்கலாம்.
பூட்ஸ்கூடக் காலில்தான் இருந்தது.

விதவிதமாய் வரட்டும் என்றுதானே
உயரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று
பரிமாறினேன்.
இதற்கும் நான்தான் இலை போட்டிருக்கிறேன்.

அது போன பிறகு
பனியில் ஒரு வட்டம், கொஞ்சம் சிவப்பு,
இரண்டு பக்கமும் சிறகின் அச்சு
விசிறி விரித்ததுபோல்.
பதினோரு நிமிடம் முற்றம் காலி.
பிறகு சிக்கடி வந்து
ஒரு விதையை எடுத்துக்கொண்டு போனது.

மறுநாள் ஓர்வால் கேட்டான், "எத்தனை?"
"பன்னிரண்டு" என்றேன்.
"எனக்கும் பன்னிரண்டு," என்றான், "நேற்றிலிருந்து."
இருவரும் கொஞ்ச நேரம்
பிர்ச் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே வந்து பேனா தேடினேன்.
பென்சில்தான் கிடைத்தது.